அந்தி ஒளியும் விலங்குக் குட்டிகளும்

கார்த்திகை மாதத்து மாலைப்பொழுது. யால வனத்தின் ஓர் ஒதுக்குப்புறத்தில், படுத்திருக்கும் யானையின் முதுகைப்போல் உயர்ந்து தோன்றும் பாறையொன்றுக்கு எதிரே வாகனமொன்று நிறுத்தப்பட்டிருக்கின்றது. மணி 5.20 ஆகிவிட்டது. வடகீழ்ப் பருவக்காற்றின் முகில்கள் வானத்தை மூடியிருக்கின்றமையால், சூரியன் மறையுமுன்னரே காட்டினுள் இருள் படரத் தொடங்கிவிட்டது. பாறையின் உச்சியில் தாய்ச் சிறுத்தை ஒன்று படுத்திருக்கின்றது. சிறிது நேரத்தில், பாறைப் பிளவினுள்ளிருந்து இரண்டு சிறு காதுகள் வெளித்தோன்றுகின்றன. அவற்றின் பின்னே மேலும் இரண்டு காதுகள். பிறந்து மூன்று மாதமளவேயான இரு குட்டிகள் வெளியே வந்து, தாயின் வாலைப் பிடித்து விளையாடத் தொடங்குகின்றன.

வாகனத்தில் இருப்பவர் விடியற்காலை தொட்டு இக்காட்சிக்காகவே காத்திருந்தவர். கமெராவைக் கண்ணருகே கொண்டுசென்று பார்க்கிறார்; வெளிச்சம் போதவில்லை. அவருடைய பையினுள் பிளாஷ் விளக்கு ஒன்று இருக்கின்றது. அதனைப் பொருத்தி விசையை அழுத்தினால், பாறை முழுவதும் ஒரு கணம் பட்டப்பகல்போல் ஒளிரும். அழுத்தலாமா? அழுத்தாது விடுவதாயின், இம்மங்கிய ஒளியைக் கொண்டே படம்பிடிப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில், விலங்குக் குட்டிகள் பெரும்பாலும் அரையிருளிலேயே நம் கண்ணுக்குப் படுவதேன் என்பதை நோக்குவோம். சிறுத்தைக் குட்டி கண் திறவாத நிலையிற் பிறக்கின்றது. கண் திறப்பதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை செல்லும். தாய்ச் சிறுத்தையோ தனித்து வாழும் விலங்கு. அது இரை தேடச் செல்லும்போது குட்டிகளைக் காத்துநிற்க எவருமில்லை. எனவே, பாறைக் குகையிலோ அடர்ந்த புதரிலோ அவற்றை மறைத்துவிட்டே செல்லவேண்டும். பிற ஆண் சிறுத்தைகள் குட்டிகளைக் கண்டாற் கொன்றுவிடுவதும் உண்டு. புள்ளிமான் கன்றின் நிலையும் இதனை ஒத்ததே. பிறந்த முதல் நாட்களில் அது புல்லிடையே அசைவின்றிப் படுத்திருக்கும். தாய்மான் சற்றுத் தொலைவில் மேய்ந்து, பாலூட்டும் வேளையில் மட்டும் கன்றை நாடி வரும். கன்றின் மேனியிலுள்ள வெண்புள்ளிகள், இலைகளினூடே நிலத்தில் விழும் வெயிற் பொட்டுக்களோடு கலந்து அதனைக் கண்ணுக்குப் புலப்படாமற் செய்கின்றன. தேவாங்கு, தான் இரை தேடும்போது, சற்று வளர்ந்த குட்டியை மரக்கிளையொன்றைப் பற்றியிருக்குமாறு விட்டுச் செல்லும்.

இவையாவும் ஓர் உண்மையையே உணர்த்துகின்றன. ஓடவும் போரிடவும் இயலாத பருவத்தில், மறைந்திருத்தலே குட்டியின் காவல். அக்காவலில் இருளுக்கும் பெரும் பங்குண்டு. படம்பிடிப்பவருக்கு இடையூறாகத் தோன்றும் இருள், குட்டிக்கு உறைவிடமாக இருக்கின்றது. இதனை மனத்திற் கொண்டவருக்கு, ஒளியில்லையே என்ற குறை வேறொரு வகையாகத் தோன்றும்.

நம் நாட்டில் இக்குறை சற்று மிகுதி என்றே கூறவேண்டும். வடதுருவத்தை அண்டிய நாடுகளிற் கோடைகாலத்தில் அந்தி ஒளி நெடுநேரம் நீடிக்கும். நிலநடுக்கோட்டை அடுத்துள்ள இலங்கையிலோ சூரியன் ஏறத்தாழ நேர்கீழாக இறங்குவதால், சூரியன் மறைந்து 20 நிமிடமளவில் அந்தி கழிந்துவிடும். மேலும், தேசியப் பூங்காக்களிலிருந்து பார்வையாளர் மாலை 6 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. ஆகவே படம்பிடிப்பவருக்குக் கிட்டுவது காலையிற் சிறுபொழுது, மாலையிற் சிறுபொழுது, அவ்வளவே.

அச்சிறுபொழுதில் ஒளி எவ்வளவு குறைவாக இருக்கும் என்பதை நம் கண் சரியாக அறிவிப்பதில்லை. ஒளி குறையக் குறையக் கண்மணி விரிந்துகொடுக்கும். கண்ணின் உட்புறத் திரையும் தன் உணர்ச்சியைக் கூட்டிக்கொள்ளும். எனவே, பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இன்னும் வெளிச்சம் இருப்பதாகவே தோன்றும். உண்மையில், நண்பகல் வெயிலோடு ஒப்பிடுமிடத்து, அந்திவேளையில் மரநிழலிலுள்ள ஒளி நூற்றில் ஒரு பங்கினும் குறைவு; சிலவேளை ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். கமெராவுக்குக் கண்ணைப்போல் ஏமாறத் தெரியாது.

இந்தச் சொற்ப ஒளியைத் திரட்டுதற்குக் கமெராவில் மூன்று வழிகளே உள்ளன. வில்லையின் துவாரத்தை அகலத் திறத்தல் ஒன்று. ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கச் செய்தல் மற்றொன்று. ஒளியை ஏற்கும் பரப்பின் உணர்திறனைக் கூட்டுதல் மூன்றாவது. மூன்றுக்கும் அதனதன் விலை உண்டு.

துவாரத்தை எடுத்துக்கொள்வோம். வில்லைகளில் 2.8, 4, 5.6, 8 என எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். எண் சிறிதாகத் துவாரம் பெரிதாகும். 5.6 என்ற நிலையிற் புகும் ஒளியைப்போல் நான்கு மடங்கு ஒளி 2.8 என்ற நிலையிற் புகும். துவாரத்தின் விட்டம் இருமடங்காகும்போது அதன் பரப்பு நான்கு மடங்காவதே இதற்குக் காரணம். ஆயின், துவாரம் அகலும்போது தெளிவாகப் பதியும் ஆழம் குறைந்துவிடும். குட்டியின் கண் தெளிவாக இருந்தால் அதன் வால் மங்கியிருக்கும். தாயும் குட்டியும் முன்பின்னாக நின்றால், இருவரில் ஒருவரே தெளிவாகப் பதிவர். அத்தகைய வேளையில் எதனைத் தெளிவாகக் காட்டுவது என்ற தெரிவு படம்பிடிப்பவருடையது. குட்டியின் கண் தெளிவாக இருந்தால் ஏனைய குறைகளைப் பார்ப்போர் பொறுத்துக்கொள்வர் என்பது அனுபவம் வாய்ந்தோர் கண்ட உண்மை.

அடுத்தது நேரம். ஷட்டர் ஒரு வினாடியின் 500இல் ஒரு பங்கு நேரம் திறந்திருப்பதற்குப் பதிலாக 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், எட்டு மடங்குக்குச் சற்று அதிகமான ஒளி புகும். ஆனால், அந்நேரத்திற் கையும் அசையும், குட்டியும் அசையும். கையின் அசைவை ஓரளவு ஈடுசெய்யும் பொறிமுறை இக்காலத்து வில்லைகளிலும் கமெராக்களிலும் உண்டு. குட்டியின் அசைவை ஈடுசெய்யும் பொறிமுறையோ எந்தக் கமெராவிலும் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாறுவோர் பலர்.

மூன்றாவதாகிய உணர்திறனில்தான் காலத்தின் மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிகின்றது. 1930களின் நடுப்பகுதியில் வெளிவந்த கொடக்குரோம் என்னும் வண்ணப் பிலிமின் உணர்திறன் எண் ஏறத்தாழ 10 ஆகும். இன்றைய இலக்கமுறைக் கமெராக்களில் 6400 என்ற எண்ணைப் பயன்படுத்துவது சாதாரணம். இது 640 மடங்கு வேறுபாடு. மரநிழலின் அந்தி ஒளியில், துவாரத்தை 2.8 என்ற நிலையில் வைத்து, அன்றைய பிலிமிற் படம்பிடிக்க ஒரு வினாடிக்கு மேற் செல்லுமாயின், இன்று அதே ஒளியில் ஒரு வினாடியின் 500இல் ஒரு பங்கு போதும். விளையாடும் குட்டி ஒரு வினாடி நேரம் அசையாதிருக்குமா? ஆகவே, அக்காலத்தவருக்கு இயலாதிருந்தது இக்காலத்தவருக்கு எளிதாகக் கைகூடுகின்றது.

ஆயினும் இதற்கும் ஒரு விலை உண்டு. உணர்திறன் கூடும்போது, படத்தில் மணல் தூவியதுபோன்ற குருணைகள் தோன்றும். இதன் காரணத்தை ஓர் எளிய உவமையால் விளக்கலாம். முற்றத்தில் நூறு சிரட்டைகளை நிரையாக வைத்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். பெருமழை பெய்தால் எல்லாச் சிரட்டைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு நீர் இருக்கும். நாலைந்து துளி மட்டும் விழும் தூறலாயின், ஒரு சிரட்டையில் இரண்டு துளியும், அடுத்ததில் ஏழு துளியுமாக இருக்கும். ஒளியும் துளித்துளியாகவே வருகின்றது என்பது இயற்பியல் கண்ட உண்மை. கமெராவின் உணரியிலுள்ள நுண்ணிய கலங்களே இங்கு சிரட்டைகள். ஒரு கலத்தில் சராசரியாக 10,000 ஒளித்துளிகள் விழுந்தால் கலத்துக்குக் கலம் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்றளவாகும். 100 துளிகளே விழுந்தால் அது நூற்றுக்குப் பத்தளவாகும். இவ்வேறுபாடே குருணையாகத் தென்படுகின்றது. எனவே, குருணை என்பது கருவியின் குற்றம் மட்டுமன்று. ஒளி குறைவாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று. அசைவினாற் கலங்கிய படத்தைத் திருத்துதல் அரிது. குருணை படிந்த படமோ பார்க்கத்தக்கதே. ஆகையால், இரண்டிலொன்றைத் தெரிய நேரின் குருணையையே தெரிதல் நன்று.

இனி, செலவின்றிக் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைக் கூறலாம். வாகனத்தின் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். அதன் அதிர்வு கமெராவுக்கும் பரவும். துணிப்பையொன்றிற் பயறோ நெல்லோ நிரப்பிச் சாளரத்தின் மேல் வைத்து, அதன் மேற் கமெராவைத் தாங்கினால், விலையுயர்ந்த தாங்கிகள் செய்யும் வேலையை அது செய்துவிடும். வாகனத்தில் இருப்போர் அனைவரும் அக்கணத்தில் அசையாதிருத்தலும் வேண்டும்.

இவற்றினும் மேலானது, குட்டியின் இயல்பை அறிந்து காத்திருத்தல். ஊஞ்சலாடும் பிள்ளையைக் கவனித்தால், ஊஞ்சல் நடுவிலே விரைந்து செல்வதையும், இரு முனைகளிலும் ஒரு கணம் நின்று திரும்புவதையும் காணலாம். விளையாடும் குட்டியின் அசைவும் அத்தகையதே. பாய்வதற்கு முன் பதுங்கும்போது ஒரு கணம் நிற்கும். தாயின் முகத்தைப் பார்க்கத் தலையை உயர்த்தும்போது நிற்கும். புதியதோர் ஓசையைக் கேட்டால், ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கும். அந்த நிலைப்புக்களை எதிர்பார்த்திருப்பவருக்கு, 60இல் ஒரு பங்கு வினாடியிலும் தெளிவான படம் கிட்டும்.

மற்றுமொரு நுட்பம் உண்டு. ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் மின்னேரியாக் குளத்தின் நீர் வற்றிப் புல் முளைக்குங்கால், யானைக் கூட்டங்கள் மாலையில் அங்கு திரளும். கன்றுகள் தாயரின் கால்களுக்கிடையே நடந்துவரும். கமெராவின் ஒளிமானி, தன்முன் உள்ள காட்சி எதுவாயினும் அதனை நடுத்தரச் சாம்பல் நிறத்தளவுக்குக் கொண்டுவரவே முயலும். கரிய யானைகள் படச்சட்டத்தை நிறைத்து நின்றால், அது காட்சியை மிகையாக வெளுக்கச் செய்துவிடும். அந்தியிற் கண்ட யானைக்கன்று, படத்தில் நண்பகலில் நிற்பதுபோல் தோன்றும். ஆகவே, ஒளிமானி கூறுவதிலும் சற்றுக் குறைத்தே பதிவுசெய்ய வேண்டும். அவ்வாறு செய்யின் ஷட்டர் நேரமும் குறைந்து படம் தெளிவடையும். மாலையும் மாலையாகவே தோன்றும்.

இத்துணை சிரமம் எதற்கு, பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்போரும் உளர். அவ்வழியின் வரலாறு பழையது. அமெரிக்க வழக்கறிஞரும், ஒருகாலத்தில் அந்நாட்டுக் காங்கிரஸ் சபையில் உறுப்பினராக இருந்தவருமான ஜோர்ஜ் ஷைராஸ் என்பவர், வேட்டைத் துப்பாக்கியை விடுத்துக் கமெராவைக் கையிலெடுத்தவர். மிச்சிகன் மாநிலத்து ஏரிகளில் இரவிலே தோணியிற் சென்று, விளக்கொளியில் மான்களின் கண்கள் இரு பொறிகளாய் மின்னுவதைக் கண்டு, மக்னீசியத் தூளை வெடிக்கச்செய்து அவர் படம்பிடித்தார். முதல் வெடிப்பினால் மருண்டு பாயும் மான்களை, இரண்டாவது வெடிப்பினாற் படம்பிடித்ததும் உண்டு. 1906ஆம் ஆண்டு யூலை மாதத்து நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை அவருடைய படங்களில் 74ஐ வெளியிட்டது. இரவு விலங்குகளின் வாழ்வை உலகம் கண்ணாற் கண்டது அத்தகையோரின் முயற்சியாலேயே. துப்பாக்கிக்குப் பதிலாகக் கமெரா என்ற எண்ணமும் அவர்களாற் பரவியது. அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

இளம் உயிர்களை இருளில் அணுகுவதில் உள்ள ஆபத்தை உணர்த்தும் நிகழ்ச்சியொன்றும் அவ்வரலாற்றில் உண்டு. எரிக் ஹொஸ்கிங் என்னும் ஆங்கிலேயர் பறவைகளைப் படம்பிடிப்பதிற் பெரும்புகழ் பெற்றவர். 1937ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில், குஞ்சுகளையுடைய ஆந்தையொன்றைப் படம்பிடிக்க முயன்றபோது, இருளில் ஓசையின்றிப் பறந்துவந்த ஆந்தை தன் நகங்களால் அவருடைய முகத்தைத் தாக்கியது. அவர் இடக் கண்ணை இழந்தார். அதன் பின்னரும் அரை நூற்றாண்டளவு அவர் அக்கலையைக் கைவிடவில்லை. ஆந்தை செய்தது தாய்மையின் கடமை. ஆந்தைக்கு நகம் இருந்தது. தன் மறுப்பை அது தெரிவித்தது. மான் கன்றுக்கும் தேவாங்குக் குட்டிக்கும் மறுப்பைத் தெரிவிக்க யாது கருவி உண்டு?

இரவில் நடமாடும் விலங்குகள் பலவற்றின் கண்ணில், ஒளியுணரும் திரைக்குப் பின்னே கண்ணாடி போன்ற படலமொன்று உண்டு. திரையைக் கடந்துசெல்லும் ஒளியை அது திருப்பி அனுப்புவதால், ஒரே ஒளி இருமுறை பயன்படுகின்றது. இரவிற் சிறுத்தையின் கண்ணும் மானின் கண்ணும் மின்னுவதற்கு இதுவே காரணம். சிறுதுளி ஒளியையும் வீணாக்காதவாறு அமைந்த அக்கண்ணின்மேற் பெருவெளிச்சத்தைப் பாய்ச்சினால் என்னவாகும்? மனிதக் கண்ணே, கூரிய வெளிச்சத்தைக் கண்டபின் இருளுக்கு மீண்டும் முழுமையாகப் பழக அரைமணி நேரமளவு எடுக்கின்றது. முகத்தை நிறைக்கும் கண்களையுடைய தேவாங்குக் குட்டி, கிளையிற் கண்கூசித் தடுமாறும் வேளையில், அதனைத் தேடி வரும் பகை எதுவென யார் அறிவார்? தேவாங்குகளை ஆராய்வோர் வெள்ளொளியை விடுத்து, அவற்றின் கண்ணை அதிகம் உறுத்தாத மங்கிய செவ்வொளியைப் பயன்படுத்துவது இதனாலேயே.

கடற்கரையில் இவ்வுண்மை இன்னும் தெளிவாக விளங்கும். இலங்கையின் கரைகளில் ஐந்து இனக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. ரெக்கவ, கொஸ்கொட முதலிய கரைகள் அதற்குப் பேர்போனவை. குஞ்சுகள் பெரும்பாலும் இரவிலே, மணல் குளிர்ந்தபின் வெளிவரும். தாய் அருகில் இல்லை, வழிகாட்ட ஒருவருமில்லை. தாழ்ந்த வானத்தின் எப்பக்கம் ஒளி மிகுந்திருக்கின்றதோ, அப்பக்கமே கடல் என்று நம்பி அவை ஊர்ந்து செல்லும். மின்சாரம் இல்லாத காலத்தில் அந்நம்பிக்கை பொய்த்ததில்லை. இன்று கரையில் ஒருவர் கைவிளக்கை ஏற்றிப் படம்பிடிக்க நின்றால், குஞ்சுகள் கடலை விடுத்து அவருடைய காலடியை நோக்கி வரும். வழிதவறிய குஞ்சு நண்டுக்கு இரையாகலாம்; விடியும்வரை அலைந்து சோர்ந்து வெயிலில் மடியலாம். படம் அழகாக அமைந்திருக்கலாம். அப்படத்திலுள்ள குஞ்சு கடலைக் கண்டதா என்பதை அப்படம் கூறாது.

விளக்கை ஏற்றாது விடுதல் மட்டும் போதாது. தாய்ச் சிறுத்தை நிற்கும் இடத்தை ஒரு சாரதி மற்றொருவருக்கு அறிவிக்க, சிறிது நேரத்தில் வாகனங்கள் பல வந்து திரள்வது யாலவில் அடிக்கடி காணும் காட்சி. அத்திரளின் நடுவே, தாய் ஒருபுறமும் குட்டிகள் மறுபுறமுமாகப் பிரிக்கப்படுவதும் உண்டு. தாய் காதைப் பின்னோக்கிப் படியவைத்தாலும், குட்டி விளையாட்டை நிறுத்திப் பதுங்கினாலும், வாகனம் எல்லை கடந்துவிட்டது என்பதே பொருள். புல்லிடையே தனித்திருக்கும் மான் கன்றைக் கண்டு, தாயற்றதென இரங்கி அணுகுவதும் தவறு. தாய் எங்கோ அருகில் நின்று, மனிதர் அகலும்வரை காத்திருக்கும். நாம் நிற்கும் நேரமெல்லாம் கன்று பாலின்றிக் கிடக்கும் நேரமாகும். படத்தை வெளியிடும்போது, குட்டிகள் உறையும் இடத்தைக் குறிப்பிடாது விடுதலும் அறிவுடைமை.

ஷைராஸின் காலத்திற் படம் வேண்டின் வெடிப்பு வேண்டியிருந்தது. இன்று அவ்வாறன்று. கருவி வளர்ந்துவிட்டது, இருக்கும் ஒளியே போதும் என்னும் நிலை வந்துவிட்டது. ஆகவே, இக்காலத்தில் ஒரு குட்டியின் கண்ணில் விளக்கைப் பாய்ச்சுபவர் கருவியின் குறையைக் காரணங்காட்ட இயலாது.

மீண்டும் அப்பாறையின் எதிரே செல்வோம். வாகனத்தில் இருந்தவர் பிளாஷ் விளக்கைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டார். துவாரத்தை முழுதும் திறந்து, உணர்திறனை 6400க்கு உயர்த்தி, பயற்றம் பையின்மேற் கமெராவைச் சாய்த்துக் காத்திருந்தார். பத்துப் படங்கள் எடுத்தார். அவற்றுள் எட்டுக் கலங்கிவிட்டன. ஒன்றிற் குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. எஞ்சிய ஒன்றில், குட்டி தன் முன்காலைத் தாயின் வாலின்மேல் வைத்தபடி ஒரு கணம் நிற்கின்றது. படத்தின் பெரும்பகுதி இருண்டிருக்கின்றது, குருணையும் படிந்திருக்கின்றது. குட்டியின் கண்ணில் மட்டும் மேற்கு வானத்தின் கடைசி ஒளி சிறு புள்ளியாய்த் தெரிகின்றது. 5.35க்குச் சாரதி வாகனத்தை மெல்லப் பின்னோக்கி எடுத்தார். தாய்ச் சிறுத்தை தலையை உயர்த்தவில்லை. வாகனம் வளைவிற் திரும்பும்போதும் குட்டிகள் அந்த வாலோடு விளையாடிக்கொண்டேயிருந்தன.